செசி இலக்கம் பார்த்தீர்களா?

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பாவித்த வான் ஒன்றை வவுனியாவில் வாங்கி ஏழு மாதம். அந்த மாடலுக்கு பிரேக் கோளாறு என்று கம்பனி ரீகோல் (பழுதை இலவசமாகத் திருத்தித் தர வாகனங்களைத் திருப்பி அழைப்பது) அறிவித்ததாக மைத்துனர் சொல்கிறார். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே? (மாங்குளம்)

பதில்: வராது. கடிதம் ஜப்பானில் பதிவில் இருந்த சொந்தக்காரருக்குத்தான் போகும். வான் கப்பலேறி வந்து மாங்குளத்தில் நிற்பது கம்பனிக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் தேட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை (வாகனத்தின் அடிச்சட்டமான செசியில் பொறித்த தனி இலக்கம்), அந்தக் கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில் ரீகோல் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். செய்யாத வேலை இருந்தால் காட்டும். பிறகு அதை அச்சடித்துக்கொண்டு கொழும்பு முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். இலவசமாகச் செய்து தராவிட்டால் கைக்காசைப் போட்டாவது அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

வாகனம் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, செற் நல்லதா, சீற் கவர் புதுசா என்றெல்லாம் கேட்கிறார்கள். செசி இலக்கத்தைக் குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு, எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. பழைய வாகனத்துக்கு ரீகோல் வராது என்பதும் பிழை. 2022 ஜூனில் மெர்சிடிஸ் உலகம் முழுவதும் 10 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. எல்லாம் 2004 முதல் 2015 வரை செய்தவை. மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டரில் றப்பர் உறைக்குக் கீழே ஈரம் தங்கித் துருப்பிடித்தால் பிரேக் போய்விடலாம் என்பதால், சரிபார்க்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்றார்கள்.

நானும் பார்க்காமல் வாங்கியவன்தான். "இப்பதான் சேர்விஸ் செய்தது" என்ற ஒரு சொல்லை நம்பி வான் எடுத்தேன். புளியங்குளம் தாண்டி மாலை மங்கும் நேரம், ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருந்தன, மிதித்த பெடல் அப்படியே தரைக்குப் போனது. இரண்டாவது மிதியில் பிடித்து நின்றபோது முன் லைற்றுக்கும் மாட்டின் காதுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பக்கத்தில் மகள் இருந்தாள். கராச்சில் கழற்றினால், பெடல் மிதியைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் ஊதிப்போய், பிரேக் ஒயில் கோப்பி மண்டி போலக் கறுத்துக் கிடந்தது. ஆகவே வாங்குமுன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: பிரேக் சிவப்பு லைற் இரண்டு கிழமையாக எரிகிறது. ஹாண்ட் பிரேக் இழுபடவில்லை. ஓடலாமா? (பரந்தன்)

பதில்: ஓடக்கூடாது. இரண்டு கிழமை ஓடியதே பிழை.

கேள்வி: கனடாவில் அண்ணா பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கினார். பிரேக் ரீகோல் கடிதம் வந்திருக்கிறது. விற்ற இடத்தில் "அது எங்கள் வேலை இல்லை" என்கிறார்களாம். (கிளிநொச்சி)

பதில்: மோட்டர்ஹோமுக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பனி. செசியும் எஞ்சினும் ஒருவர், மேலே கட்டிய வீடு இன்னொருவர். பிரேக் அநேகமாகச் செசிக்காரருடையது. கடிதம் யார் பெயரில் வந்தது என்று பார்த்து, அந்தக் கம்பனியின் லொறி, வான் பார்க்கும் முகவரிடம் போகச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலா வேண்டாம், அத்தனை பாரத்தை அரைகுறைப் பிரேக் நிறுத்தாது.

கேள்வி: கணவர் இல்லை. கடன் எடுத்து வாங்கிய ஆட்டோவைத் தம்பி ஓட்டுகிறான். "ஒறிஜினல்" என்று வாங்கிய பிரேக் சூ ஒரு மாதத்தில் பொடியாக உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் ஏசி அனுப்பிவிட்டார். (புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, உங்களில் ஒரு பிழையும் இல்லை. உதிர்ந்த சூவை வீசாதீர்கள், பெட்டியோடு பையில் கட்டி வையுங்கள். பில் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முறைப்பாட்டோடு முல்லைத்தீவு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில்.