சீனி பார்க்கும் மெஷினை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, கனகாலமாகச் சீனி வருத்தம். போன கிழமை விடிய 6 மணிக்கு வீட்டு மெஷினில் பார்த்தால் 142. சந்தேகப்பட்டு உடனே மற்ற விரலில் குத்தினோம், 128. அன்றைக்கே 9 மணிக்கு லாபில் இரத்தம் கொடுத்தோம், 119 என்று வந்தது. மெஷினை மாற்றவா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 142, 128 இரண்டையும் நீங்கள் வேறு வேறாகப் பார்க்கிறீர்கள், ஆனால் வீட்டு மெஷினுக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரப்படி, சீனி 100க்கு மேல் என்றால் நூற்றுக்கு 95 அளவுகள் லாப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், 100க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள் (இங்கே சொல்கிற இலக்கங்கள் ஒரு டெசிலீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு). அம்மாவின் உண்மையான சீனி 135 என்று வையுங்கள், 115 முதல் 155 வரை எது காட்டினாலும் மெஷினில் குறை சொல்ல முடியாது.

லாபோடு ஒப்பிட்ட விதம்தான் பிழை. 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் சீனி ஒரே இடத்தில் நிற்காது. எடுத்த இரத்தத்தை உடனே பிரிக்காமல் வைத்தாலும் அதிலுள்ள செல்கள் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சீனியைத் தின்றுவிடும், லாப் அளவு குறைவாக வரும். அடுத்த முறை வெறும் வயிற்றோடு மெஷினையும் லாபுக்குக் கொண்டுபோங்கள், நரம்பில் ஊசி போடுகிற அந்த ஐந்து நிமிடத்துக்குள் விரலிலும் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட வேண்டாம், அப்போது விரல் இரத்தத்தில் சீனி நரம்பு இரத்தத்தைவிடக் கூடவே இருக்கும்.

அதற்கு முன்னால் கையைப் பாருங்கள். கறுத்தக்கொழும்பான் வெட்டிய கையோடு குத்தினால் மெஷின் அம்மாவின் சீனியோடு மாம்பழத்தின் சீனியையும் சேர்த்துத்தான் காட்டும்! சோப் போட்டுக் கழுவி வடிவாகத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் இரத்தம் கரைந்து அளவு குறையும். விரலைப் போட்டுப் பிதுக்குவதும் கூடாது.

அடுத்தது இரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப். பெரும்பாலான ஸ்ட்ரிப் போத்தல்களில் 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும், சித்திரை வெயிலில் எங்கள் வீடுகளுக்குள் அது எங்கே நடக்கிறது? அதற்காகப் பிரிட்ஜுக்குள் தள்ளவும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் பிடிக்கும். வீட்டில் குளிர்ச்சியான அறையில், மூடியை இறுக்கி, திறந்த திகதியை எழுதி வையுங்கள். லண்டனிலிருந்து வந்த மெஷின் என்றால் இன்னொரு தொல்லை: அது மில்லிமோல் கணக்கில் 7.1 என்பது போலக் காட்டும், 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய 128 வரும். அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காது என்று காலாவதியானதைப் போட்டுப் பார்க்கிற வீடுகள் நிறைய, அந்த இலக்கத்தை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள்.

அம்மாவுக்கு இரத்தச்சோகை இருந்தால் மெஷின் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், அதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு தரம் பார்த்த அளவை வைத்து மருந்தையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். ஆனால் சீனி இறங்கின அறிகுறியாக வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் மெஷின் 90 காட்டுகிறதே என்று பார்த்துக்கொண்டு இருக்காமல் சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு, கையைக் கழுவித் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: விடிய எப்போது பார்த்தாலும் 110, 120தான். கிளினிக்கில் ஹெச்பிஏ1சி 7 என்கிறார்கள். எது பொய்? (வாசகர், நெல்லியடி)

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை, அது 7 என்றால் சராசரி ஏறத்தாழ 154. நீங்கள் பார்ப்பதோ வெறும் வயிற்றில் மட்டும், மத்தியானச் சோறு ஏற்றுகிற சீனி உங்கள் கொப்பியில் ஏறவே இல்லை. கிழமையில் சில நாள் சாப்பாடு தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்து, எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.