வணிகச் செயல்முறையை வடிவமைக்க மாணவர்களுக்கு வகுப்பறையிலேயே எப்படிக் கற்றுக்கொடுப்பது?

முதல் நாளே ஃப்ளோசார்ட் வரையச் சொல்லாதீர்கள். மோசமான ஒரு செயல்முறையைக் கொடுத்து, அதற்குள் அவர்களையே வேலை பார்க்க விடுங்கள். கோத்தகிரி பக்கம் பி.காம். வகுப்பில் நான் இப்படித்தான் தொடங்குகிறேன்.

இங்கே நிறைய பிள்ளைகளின் வீட்டில் கொஞ்சமாவது தேயிலை இருக்கும். அதனால் பசுந்தேயிலைக் கொள்முதலையே எடுத்துக்கொண்டேன். எடை, தரம், பில், பணம் என்று வரிசையாக நான்கு மேசை. 20 துண்டுச் சீட்டு. ஒரு சீட்டு என்றால் ஒரு மூட்டை. 10 நொடிக்கு ஒருமுறை ஒருவர் கைதட்டுவார், ஒரு தட்டலுக்கு ஒரு மேசையில் ஒரு சீட்டுதான் முடிக்கலாம். 5 சீட்டு சேர்ந்த பிறகே அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும்.

முதல் மூட்டைக்குப் பணம் கிடைக்க 160 நொடி, கடைசி மூட்டைக்கு 350. எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டால், "பணம் கொடுக்கிற இடத்தில் இன்னொரு ஆள் போடுங்க சார்" என்பார்கள். விவசாயி காத்து நிற்பது அங்கேதானே! ஆனால் அந்த மேசைக்காரர் முதல் 150 நொடி சும்மா உட்கார்ந்திருந்தார். அவரையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ஒரு மாணவி சொன்னாள்: "எங்க இலையும் மூட்டையில் அமுங்கிக் கிடந்தே சூடாகிச் சிவந்துடும் சார்."

அடுத்த சுற்றில் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளினோம். முதல் மூட்டை 40 நொடி, கடைசி 230. ஆளும் கூடவில்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. இதற்குப் பிறகு லிட்டில் விதியை (வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை) கரும்பலகையில் எழுதினால் சட்டென்று ஏறும்: நிமிடத்துக்கு 2 மூட்டை வந்து, ஒவ்வொன்றும் 6 நிமிடம் தங்கினால், உள்ளே எப்போதும் சராசரியாக 12 மூட்டை இருக்கும்.

மூன்றாவது சுற்றில் செயல்முறையை அவர்கள் இஷ்டப்படி மாற்றலாம். ஒரு குழு நேரத்தை மிச்சம் பிடிக்கத் தர மேசையையே எடுத்துவிட்டது. நான் தடுக்கவில்லை. முற்றிய இலை என்று குறித்த இரண்டு சீட்டை மட்டும் இடையில் கலந்துவிட்டேன். இரண்டுக்கும் முழுப் பணம் போய்விட்டது. இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கவே கூடாது, அவர்களே பேசட்டும். பத்து நிமிட வாக்குவாதத்துக்கு அப்புறம் தர மேசை திரும்ப வந்தது. ஆனால் பழைய இடத்துக்கு இல்லை, எடை மேசைக்கு முன்னால். வாங்கப் போகாத இலையை எதற்கு நிறுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.