சென்னையின் தோட்ட வீடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஊரிலிருந்து வரும் மாமியாரையும் பள்ளியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, சென்னையில் ஆங்கிலேயர் காலத்து வீடுகளையும் தோட்டங்களையும் ஒரே நாளில் பார்க்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பெரியவரும் குழந்தையும் உடன் வருவதால் அடையாற்றங்கரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காலையில் பிரம்மஞான சபைக்குச் செல்லுங்கள். ஹடில்ஸ்டன் தோட்டம் என்று வழங்கிய அந்த இடத்தை 1882ஆம் ஆண்டு, சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வாங்கினார்கள். ஆற்றைப் பார்த்து நிற்கும் தலைமையகக் கட்டடத்துக்குள் அந்தப் பழைய வீடு அடங்கியிருக்கிறது. பின்வந்தவர்கள் அதை விரிவாக்கினார்களே தவிர இடித்துத் தள்ளவில்லை. வாங்கியபோது 27 ஏக்கராக இருந்த நிலம் பிறகு சுமார் 260 ஏக்கராகப் பெருகியது. அங்குள்ள ஆலமரத்தின் அடிமரம் 1989இல் வீசிய சூறைக்காற்றில் சாய்ந்துவிட்டாலும், விழுதுகளே மரமாக ஊன்றி நிற்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ஒரு தோட்ட வீடு எவ்வளவு பெரிய பசுமைக்கு நடுவே இருந்தது என்பதை நடந்தே உணர, இன்றைய சென்னையில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. பார்வையாளரை அனுமதிக்கும் நேரம் குறைவு; ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எனவே, கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1796க்கும் 1798க்கும் இடையில் ஆற்றங்கரையில் கட்டிய பிராடி காசிலில் இப்போது இசை கற்பிக்கிறார்கள். வகுப்பு நடக்கும் வளாகம் ஆகையால் அலுவலகத்தில் அனுமதி பெற்ற பிறகே உள்ளே செல்ல வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் வாயிற்காவலரிடம் வாதாட வேண்டாம். பக்கத்தில் உள்ள, மௌப்ரே என்ற ஆங்கிலேயரின் மாளிகை இன்று மெட்ராஸ் கிளப்புக்குச் சொந்தமானது. உறுப்பினர் யாராவது அழைத்துச் சென்றால்தான் பார்க்க முடியும்.

கேள்வி: செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பாதுகாப்பாக இருந்த ஆங்கிலேயர்கள் ஏன் இவ்வளவு தள்ளி வந்து வீடு கட்டினார்கள்? நம்மை ஆண்டவர்களின் ஆடம்பரத்தை நாம் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: அவர்கள் வெளியே வந்து குடியேறத் தடையாக இருந்தது அச்சம். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையையே பிடித்தார்கள். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் எல்லை வரை வந்தது. அந்த அச்சம் குறையக் குறைய, கோட்டைக்குள்ளிருந்த நெருக்கடியையும் புழுக்கத்தையும் விட்டு எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு என்று பரவினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை நான் மதிக்கிறேன். கம்பெனி ஊழியரின் சம்பளம் இத்தகைய மாளிகைகளுக்குப் போதவே போதாது. சொந்த வாணிபம் செய்தும், பால் பென்பீல்டைப் போல ஆற்காட்டு நவாபுக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்தும் பலர் செல்வம் குவித்தார்கள். அந்தக் கடனுக்கு ஈடாக எழுதித் தரப்பட்ட நிலவரியைக் கட்டியவர்கள் ஆற்காட்டுச் சீமையின் உழவர்கள். ஆகவே, அந்தத் தூண்களைக் கட்டிய பணத்தில் நம் முன்னோரின் பங்கும் இருக்கிறது. தலைவர்கள் பலருக்கு நாம் இறுதி அஞ்சலி செலுத்திய ராஜாஜி மண்டபத்தையே பாருங்கள். பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாக, எட்வர்டு கிளைவ் ஆளுநராக இருந்தபோது, வானியலாளர் கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் முடித்த விருந்து மண்டபம் அது. அதன் அருகிலிருந்த பழைய அரசினர் மாளிகையை நம் காலத்திலேயே இடித்துவிட்டோம். தோட்டமும் போய்விட்டதால், அந்த மண்டபம் எதற்குத் துணையாகக் கட்டப்பட்டது என்பதே இன்று அங்கு போய் நிற்பவருக்குப் புலப்படுவதில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி: இத்தகைய வீட்டுக்குள் போனால் எதைக் கவனிப்பது? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: முதலில் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. கட்டடத் தொழிலாளர் அதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மேலே பதித்த தட்டோடு பெயர்ந்து மழைநீர் இறங்கினால் முதலில் உளுத்துப்போவது உத்தரத்தின் நுனிதான். கூரையில் ஈரக்கறை தெரிந்தால் வீட்டுக்கு ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து, தூணைத் தொட்டுப் பாருங்கள். சலவைக்கல் என்று பலரும் நினைப்பது செங்கல்மேல் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெண்கரு, தயிர், வெல்லநீர் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய நம் கொத்தர்களின் கைவேலை அது. பழுதுபார்க்கும்போது அதன்மேல் சிமென்ட் பூசுவது பெருந்தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிரத் தொடங்கிவிடும்.

தாழ்வாரத்தின் அகலத்தையும் கவனியுங்கள். கோடையில் அதன் திறப்புகளில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு, ஆட்களை வைத்து ஓயாமல் நீர் தெளித்து அறையைக் குளிர்வித்தார்கள்.

கேள்வி: அந்தத் தோட்டங்களில் இருப்பவை நம் நாட்டு மரங்கள்தாமா? (மாணவர், தாம்பரம்)

பதில்: பாதிக்குப் பாதி வெளியிலிருந்து வந்தவை. சிவன் கோயில்களில் நாம் வணங்கும் நாகலிங்க மரமும், சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் தென்னமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த மரங்கள். குல்மோகர் மடகாஸ்கருக்கு உரியது. அக்காலத் தோட்டம் அழகுக்காக மட்டும் வைக்கப்படவில்லை. நுங்கம்பாக்கத்தில் தாவரத் தோட்டம் வைத்திருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை. ஆண்டர்சன் சாலை இருக்கிறது. அவருடைய சிலையைச் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பார்க்கலாம். அங்கே கதீட்ரல் சாலையில்தான் 1835இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் இருந்தது.