குடியை விட விரும்பும் கணவருக்கு

கேள்வி: குடியை விட்டுவிட வேண்டும் என்று என் கணவரே இப்போது சொல்கிறார். கொழும்பில் அதற்குத் துணையாக நடக்கும் கூட்டங்களை எப்படிக் கண்டறிவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அவரே வாய் திறந்து கேட்டிருக்கும் இந்த வேளையைத் தவறவிடாதீர்கள். குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி என்பதாலும், முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதாலும், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுபவரும் தயங்காமல் போய் அமரலாம். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு, போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக நடத்தும் மெல் மெதுர நிலையத்திலோ, 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்திலோ விசாரியுங்கள். தமிழில் பேச வசதியுண்டா என்று முதலிலேயே கேளுங்கள்; மனத்திலுள்ளதைக் கொட்டத் தாய்மொழி வேண்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம் என்பதால், அதற்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. அதைப் பற்றியும் கேளுங்கள்.