கேசட்டைக் கணினியில் பதிவு செய்யும்போது படம் சிதறுவது ஏன்?

கேள்வி: 1994இல் எடுத்த எங்கள் திருமண விஎச்எஸ் கேசட்டை யுஎஸ்பி கேப்ச்சர் கருவி வழியாக வீட்டுக் கணினியில் பதிவு செய்கிறேன். அடிக்கடி படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது. போகப்போக ஒலியும் பின்தங்குகிறது. நடுவில் மின்சாரம் போனபின், அதுவரை பதிவான எம்பி4 கோப்பு திறக்கவே இல்லை. கேசட் கெட்டுவிட்டதா, கணினியில் கோளாறா?

பதில்: மென்பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு முன், படம் சிதறிய அதே பகுதியை ரீவைண்ட் செய்து மறுபடியும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவிலும் அதே காட்சியில் சிதைவு வந்தால் நாடாவையோ, கேசட்டை ஓட்டும் டெக்கையோ சந்தேகிக்கலாம். வெவ்வேறு இடங்களில் வந்தால், கோளாறு பெரும்பாலும் கணினியின் பக்கம்தான். நாடா தேய்ந்திருந்தால் வெண்கோடுகளும் புள்ளிகளும் தெரியும், படத்தின் மேல்விளிம்பு வளையும். பச்சைக் கட்டங்கள் அப்படி வருபவை அல்ல. ஒளிக்கும் நிறத்துக்கும் உரிய எண்கள் கணினிக்கு வந்து சேராமல் பூஜ்யமாகவே நின்றுவிட்டால், அந்த இடம் திரையில் பச்சையாகத் தெரியும். ஆகவே நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் கேசட் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தனிப்படத்துக்கு, 720 x 576 புள்ளிகள், விநாடிக்கு 25 ஃபிரேம்கள். சுருக்காமல் அனுப்பும் கருவியிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 20.7 மெகாபைட் தரவு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். யுஎஸ்பி 2.0 இணைப்பு இதைத் தாங்கும் என்றாலும், ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் அதே ஹப்பில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் வெப்கேமராவும் செருகியிருந்தால் தரவு நெரிசலில் சிக்கி ஃபிரேம்கள் விடுபடும். ஒலியோ தனியாக முழுமையாகப் பதிவாகிறது. 25 ஃபிரேம்கள் விடுபட்டு, அவற்றின் இடத்தை மென்பொருள் நிரப்பாமல் விட்டால், படம் ஒரு விநாடி முந்திவிடும். ஒலி பின்தங்குவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆகையால் கருவியை ஹப்பில் செருகாமல் கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். பதிவை வெளி டிஸ்க்கில் அல்லாமல் உள்ளே உள்ள டிஸ்க்கில் சேமியுங்கள். விண்டோஸின் பவர் அமைப்புகளில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி கருவிகளை உறங்கவைக்கும் வசதி) என்பதை அணைத்துவிடுங்கள். மென்பொருளில் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறொரு தொலைக்காட்சி முறை தேர்வாகியிருந்தால் பால் (PAL) என்று மாற்றுங்கள். அதன்பின் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் காட்டும் இடத்தைக் கவனித்தபடியே பதிவு செய்யுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், டெக்கைக் கழற்றிவிட்டு ஒரு டிவிடி பிளேயரை அதே கருவியில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் ஏறினால் கணினியையோ கருவியையோ கவனிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்திருக்கலாம். டெக்கைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பது இதற்குப் போதிய சோதனை ஆகாது. பழைய நாடாவின் சிக்னல் நேரம் சற்றுத் தடுமாறினாலும் தொலைக்காட்சி பொறுத்துக்கொள்ளும். மலிவான கேப்ச்சர் கருவி பெரும்பாலும் பொறுக்காது.

ஓர் எச்சரிக்கை: கேசட்டின் சன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், அதை எந்தக் காரணம் கொண்டும் டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும்.

திறக்காத எம்பி4 கோப்பை அழித்துவிடாதீர்கள். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணை, வழக்கமான எம்பி4 கோப்பில் பதிவின் முடிவில்தான் எழுதப்படுகிறது. மின்சாரம் இடையில் போனதால் அந்த அட்டவணை எழுதப்படவில்லையே தவிர, படமும் ஒலியும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. அதே கருவியில், அதே அமைப்புகளோடு சில நிமிடங்கள் பதிவு செய்து முறையாக நிறுத்திய ஒரு நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையை மறுபடி உருவாக்க முயலும். மூலக் கோப்பின் நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். இனிமேல் ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் எம்கேவி வடிவில் பதிவு செய்யுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பெரும்பாலும் திறக்கும். பிறகு அதே மென்பொருளில் உள்ள ரீமக்ஸ் வசதியால், தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.