மகளின் படிப்புப் பணத்தைப் பசுமை ஆற்றல் பங்குகளில் போடலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் வசிக்கிறேன். மகள் இன்னும் மூன்று ஆண்டுகளில் கல்லூரியில் சேர்வாள். அதற்காகச் சேர்த்த 6 லட்சம் ரூபாயைக் காற்றாலை, சூரிய மின்சார நிறுவனங்களின் பங்குகளில் போட நினைக்கிறேன். ஆட்சி மாறினால் ஆபத்து என்று நண்பர் தடுக்கிறார். காற்றுக்கும் வெயிலுக்கும் அரசியல் உண்டா?

பதில்: உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்கிறார். அனல் மின் நிலையம் நிலக்கரியை அன்றாடம் வாங்கி எரிக்கிறது. காற்றாலைக்கோ ஏறக்குறைய முழுச் செலவும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கடனாக, முடிந்துவிடுகிறது. பேசிய விலைக்கு மின்சாரம் வாங்கிக்கொள்வதாக, பெரும்பாலும் அரசு மின் வாரியம் போடும் 25 ஆண்டு மின் கொள்முதல் ஒப்பந்தத்தை நம்பித்தான் வங்கி அந்தக் கடனைத் தருகிறது. தேர்தலோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அடுத்து வரும் அரசு விலை அதிகம் என்று கைவிரித்தால், நட்ட காற்றாடியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

ஆந்திரத்தில் இதுவே நடந்தது. 2019 ஜூலையில், பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத புதிய அரசு, பழைய காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் குழு அமைத்தது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசுக்கு மேல் பேசியிருந்த காற்றாலை மின்சாரத்துக்கு 2 ரூபாய் 43 காசு போதும் என்றார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஒப்பந்த விலையையே தர வேண்டும், பாக்கியை ஆறு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில்தான். வழக்கில் வென்றவர்களும் இடைப்பட்ட காலமெல்லாம் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஓரிடத்தில் இப்படி நடந்தால், அடுத்த திட்டத்துக்குக் கடன் தரும் வங்கி எங்கும் கூடுதல் வட்டி கேட்கும். நல்ல தொழில்நுட்பம் தாமதமாவது இப்படித்தான், எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். 2025 ஆகஸ்டில், அமெரிக்கக் கடலில் 80 சதவீதம் முடிந்திருந்த காற்றாலைத் திட்டத்தை அந்நாட்டு அரசு திடீரென நிறுத்தச் சொன்னது. அதைக் கட்டிய டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனப் பங்கு சரிந்தது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் வேலையைத் தொடர அனுமதித்தது.

மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு இந்த அலைக்கழிப்பு ஆகாது. 6 லட்சத்தையும் வங்கியின் நிரந்தர வைப்பு நிதியில் போடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இந்தத் துறையில் உங்களுக்குள்ள நம்பிக்கையை மதிக்கிறேன். பத்து ஆண்டுக்குத் தொடத் தேவையில்லாத பணம் தனியே இருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்குங்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: அவர்களின் மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள், வரவேண்டிய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது. ஒரே மாநில மின் வாரியத்தை நம்பியிருக்கும் நிறுவனத்தை நான் தொட மாட்டேன்.

சொந்த வீடு என்றால் கூரையையும் பாருங்கள். 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடாக இருந்தால் முதலில் அதற்குக் கணக்குப் போடுங்கள். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதியை வாங்கப்போவது நீங்களேதான்.