ஐயாவுக்கு வந்த தலைவரின் கடிதத்தை அச்சிடலாமா?

உங்கள் ஐயா தம் பர்மா நினைவுகளை எழுதி, நண்பரான ஓர் அரசியல் தலைவருக்கு அனுப்ப, அவர் கைப்பட எழுதிய பதில் காரைக்குடி வீட்டுப் பெட்டியில் கிடைத்திருக்கிறது. அச்சிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தாள் உங்களுடையது; எழுத்தின் உரிமை மறைந்த அந்தத் தலைவரின் வாரிசுகளுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்தபின் முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அதனால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், கடிதத்தை ஐயாவின் கைப்பிரதியிலிருந்து பிரிக்காதீர்கள். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது, லேவாதேவிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கதையில் தலைவர் எந்த இடத்தில் நெகிழ்ந்தார், எதை மறுத்தார், எதைத் தொடாமலே விட்டார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் புரியும். கடிதம் மட்டும் போனால் வெறும் பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

அப்புறம், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், மடிப்பில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். உறையையும் வையுங்கள், தேதி போடாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் சாட்சி. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பாதுகாப்பது பற்றி அங்கே கேளுங்கள்.